முகத்து முடிக்குப் பூசுற க்ரீமும் குழந்தையோட கேன்சர் மாத்திரையும் ஒரே மருந்தா?

சின்னசித்தி:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படிச்சுட்டு மட்டும் போயிருக்கேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

என் அக்கா பையனுக்கு அஞ்சு வயசு ஆகப்போகுது. மூணரை வயசுல ஒரு நாள் குளிப்பாட்டும்போது வயிறு ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்குன்னு அக்காதான் கண்டுபிடிச்சா. இடது அட்ரினல்ல, அதாவது சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பியில கட்டி, எலும்பு மஜ்ஜைக்கும் போயிருந்தது. நியூரோபிளாஸ்டோமா, சின்னப் பிள்ளைங்களுக்கு நரம்புச் செல்லுல வர்ற கேன்சர், ஹை ரிஸ்க். ரிப்போர்ட்ல ‘எம்.ஒய்.சி.என். ஆம்ப்ளிஃபைட்’னு ஒரு வரி. அதைப் படிச்சுட்டு டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

கீமோ, ஆபரேஷன், அவனோட ஸ்டெம் செல்லையே எடுத்து வெச்சுத் திரும்ப ஏத்தினது, ரேடியேஷன், எல்லாம் ஆச்சு. அப்புறம் ஆறு மாசம் ஐசோட்ரெட்டினாயின் கேப்சூல். அது முகப்பருவுக்குக் குடுக்கிற மருந்துன்னு தெரிஞ்சதும் வீட்ல ஒரே ரகளை. பாட்டி, “கேன்சருக்கு முகப்பரு மாத்திரையா, டாக்டருக்கு என்ன ஆச்சு”ன்னு கேட்டாங்க. ஆனா அது உலகம் பூரா குடுக்கிற மருந்துதானாம். உதடு வெடிச்சு வெண்ணெய் தடவித் தடவியே அந்த ஆறு மாசம் ஓடிச்சு. இம்யூனோதெரபின்னு ஒண்ணு இருக்குன்னும் சொன்னாங்க. தொகையைக் கேட்டதும் மாமா எழுந்து வராண்டாவுக்குப் போயிட்டார். அது நடக்கல.

போன மாச ஸ்கேன் சுத்தம். இப்பதான் குழப்பமே. பெத்தவங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் ‘எஃப்ளோர்னித்தின்’னு ஒரு மாத்திரை அமெரிக்காவுல வந்திருக்கு, திரும்ப வராம இருக்கத் தர்றாங்கன்னு போட்டார். பேரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு பீரோவைத் திறந்தேன். எனக்கு பி.சி.ஓ.டி. இருக்கு, தாடையில முடி வரும். ரெண்டு வருஷம் முன்னாடி தோல் டாக்டர் எழுதிக் குடுத்த ட்யூப் அங்கேயே கிடக்கு. அதே பேரு! இன்னும் தேடினா ஆப்பிரிக்காவுல ஒட்டுண்ணிப் பூச்சியால வர்ற தூக்க நோய்க்கும் இதேதான்னு வருது. ஒரே மருந்து முடிக்கும் பூச்சிக்கும் கேன்சருக்கும் எப்படி வேலை செய்யும்? யாராவது ஏமாத்துறாங்களா?

இன்னொண்ணு. பெரியப்பா சிங்கப்பூர்லேருந்து ‘ஸ்பெர்மிடின்’ கேப்சூல் வாங்கிட்டு வந்திருக்கார். செல்லையெல்லாம் புதுப்பிக்கும், இளமையா வெக்கும், பையனுக்கும் குடுங்கன்னு சொல்றார். குரூப்ல வந்த இன்னொரு மெசேஜோ ஆரஞ்சு, காளான், சோயா, சீஸ் எல்லாம் பாலிஅமீன், தொடவே கூடாதுங்குது. பாலிஅமீன்னா என்ன? நல்லதா கெட்டதா? அவனுக்கு ஆரஞ்சுன்னா உயிர்.

மருந்துக்கடை:

ஏமாத்து இல்லைங்க, மூலக்கூறு ஒண்ணுதான். உங்க ட்யூப்ல 13.9 சதவீதம் இருக்கும், பெட்டியைப் பாருங்க. பூசுறதுல தோல் வழியா ரத்தத்துக்குப் போறது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால அது முடியோட நின்னுடும். மாத்திரை 192 மில்லிகிராம், உடம்புப் பரப்பு கணக்குப் போட்டு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை.

இதை ஏன் சொல்றேன்னா, போன மாசம் ஒருத்தர் கடைக்கு வந்து இந்தத் தூளை நெட்ல கிலோ கணக்குல விக்கிறாங்க, வாங்கி கேப்சூல்ல அடைச்சுத் தரலாமான்னு கேட்டார். வெளியே அனுப்பிட்டேன். அந்த வழிக்கு மட்டும் போகாதீங்க. மத்ததைத் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

பழைய_லேப்காரன்:

அம்மா, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். நான் டாக்டர் இல்லை. 1980களின் கடைசியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, பதினோரு வருஷம் இந்தப் பாலிஅமீனோடுதான் மல்லுக்கட்டினேன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலிஅமீன் என்றால் ஏதோ விஷம் என்று நினைக்க வேண்டாம். புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்று மூன்று சின்ன மூலக்கூறுகள். உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் ஒவ்வொரு செல்லிலும் உண்டு. டச்சுக்காரர் லீவன்ஹூக் 1678ல் விந்துத் துளி காய்ந்தபோது தன் லென்ஸில் பார்த்த படிகம்தான் ஸ்பெர்மின். பேர் அங்கிருந்து வந்தது. புட்ரெசின் என்ற பேர் அழுகலிலிருந்து வந்தது. உப்பாக வரும் பாட்டிலில் வாசனை தெரியாது. உப்பு சேராத வகையை ஒரு தடவை திறந்தேன், கருவாட்டுக் கூடையை மூக்கில் கவிழ்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

இவற்றுக்கு நேர்மின்னூட்டம். டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் எதிர்மின்னூட்டம். ஆகவே இவை போய் ஒட்டிக்கொண்டு அந்த நூல்களை நிலையாகப் பிடித்துவைக்கும். போதாததற்கு, புரதம் கட்டும் வேலையில் உதவுகிற ஒரு புரதத்துக்கு ஸ்பெர்மிடினிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினால்தான் அது வேலைக்கே வரும். சுருக்கமாக, வளர்கிற செல்லுக்குப் பாலிஅமீன் வேண்டும். வேகமாக வளர்கிற செல்லுக்கு நிறைய வேண்டும். எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டால், மிச்சம் வளரத் தொடங்கும் முதல் நாலு மணி நேரத்திலேயே புட்ரெசின் செய்யும் நொதி பல மடங்கு ஏறிவிடும். அந்த நொதிக்கு ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ் என்று பேர். நாங்கள் ஓ.டி.சி. என்போம். மொத்த வாய்க்காலுக்கும் அதுதான் மதகு.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டில் இருந்த அந்த வரி. எம்.ஒய்.சி.என். என்ற ஜீன் ஒன்றிரண்டுக்குப் பதிலாகப் பத்து, நூறு என்று பெருகிக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த ஜீன் நேரடியாகத் திருகித் திறந்துவிடுகிற ஜீன்களில் ஒன்று இந்த ஓ.டி.சி.யின் ஜீன். நியூரோபிளாஸ்டோமாக்காரர்கள் இந்த மருந்துப் பக்கம் வந்தது இதனால்தான், குருட்டாம்போக்கில் இல்லை.

இந்த எஃப்ளோர்னித்தின் 1978ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. டி.எஃப்.எம்.ஓ. என்பதுதான் எங்களுக்குப் பழகிய பேர். அதன் சூட்சுமம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். பார்க்க ஆர்னித்தின் மாதிரியே இருக்கும். நொதி ஏமாந்து அதைப் பிடித்து வழக்கம்போல வெட்டும். வெட்டின உடனே உள்ளேயிருந்து ஒரு கொக்கி வெளியே வந்து நொதியையே மாட்டிவிடும். புழுவுக்குள் முள் வைத்த தூண்டில் தெரியும், இதில் மீன் கடித்த பிறகுதான் முள்ளே உருவாகும். அந்த நொதி மூலக்கூறு அதோடு காலி.

லேபில் இதை அளக்கும் முறை: ஆர்னித்தினில் ஒரு கார்பனைக் கதிரியக்கக் கார்பனாக மாற்றியிருப்பார்கள். நொதி வேலை செய்தால் அந்தக் கார்பன் கார்பன் டை ஆக்சைடாகப் பறக்கும். குழாயின் ரப்பர் மூடியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணம் தொங்கும், அதில் காரத்தில் நனைத்த வடிதாள் துண்டு. வாயு அதில் போய் ஒட்டும். அரை மணி நேரம் கழித்து மூடி வழியாக ஊசியால் அமிலம் ஏற்றி நிறுத்திவிட்டு, தாளை எடுத்துக் கதிரியக்கம் எண்ணும் கவுண்ட்டரில் போட்டு எண்ண வேண்டும். மருந்து போடாத குழாயில் ஆயிரக்கணக்கில் ஓடுகிற எண், மருந்து போட்ட குழாயில் வெறும் குழாயின் எண்ணுக்கு இறங்கிவிடும். முதல் தடவை பார்த்தபோது நான் ஏதோ மறந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அதே மருந்தை எலி லுகீமியா செல்கள் இருந்த குடுவையில் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் நாளுக்கு மேல் எண்ணிக்கை ஏறாமல் நின்றுவிட்டது. சாகவில்லை, நின்றது. அதில் துளி புட்ரெசின் விட்டால் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். இந்த மருந்தின் பலமும் பலவீனமும் அந்த ஒரு குடுவைக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இது கொல்கிற மருந்து இல்லை, நிறுத்தி வைக்கிற மருந்து. முன்வாசலை இது பூட்டினால், செல் கொல்லைப்புறக் கதவு வழியாக வெளியிலிருந்து பாலிஅமீனை இழுத்துக்கொள்ளும். உடம்பில் வெளி என்றால் சாப்பாடு, குடலில் இருக்கும் பாக்டீரியா, செத்துக் கரைகிற மற்ற செல்கள்.

1980களில் பெரிய கட்டி உள்ள பெரியவர்களுக்கு இதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கவில்லை, காது மந்தமானதுதான் மிச்சம். கோப்பு மூடப்பட்டது.

தூக்க நோயில் கதையே வேறு. நம் செல்லில் ஓ.டி.சி.யின் ஆயுசு அரை மணி நேரம்கூட இல்லை. பழையதை மருந்து பிடித்தால் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். தூக்க நோய் தரும் காம்பியன்சே என்ற ஒட்டுண்ணியின் நொதியோ நீண்ட நேரம் நிற்கும், மெதுவாகத்தான் புதிதாகும். ஒரு தடவை மாட்டினால் மாட்டினதுதான். அதற்கு முன்னால் நோய் மூளைக்குப் போனவர்களுக்கு இருந்தது ஆர்சனிக் சேர்ந்த மருந்து, அந்த மருந்தே நூறில் ஐந்து பேர் வரை கொன்றது. 1990ல் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. டி.எஃப்.எம்.ஓ.வை இந்த நோய்க்கு அனுமதித்தது. ஆனால் அந்த நோய் வருகிறவர்களிடம் காசு இல்லையே. 90களின் நடுவில் தயாரிப்பு நின்றுபோனது. 2000ல் முகத்து முடிக்கு க்ரீமாக வந்தது. முடிவேரிலும் செல்கள் விடாமல் பெருகுவதால் அங்கேயும் அதே மதகுதான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கொடுத்த நெருக்கடியில் 2001ல் ஆப்பிரிக்காவுக்கு மறுபடி மருந்து செய்ய ஒப்புக்கொண்டார்கள். மீசை முளைக்கும் பெண்களுக்காக ஆலை ஓடியதில் சாகக்கிடந்தவர்களுக்கும் மருந்து கிடைத்தது. உங்கள் பீரோ ட்யூபுக்கு அப்படி ஒரு வரலாறு உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெரியப்பாவின் ஸ்பெர்மிடின் கேப்சூலைப் பற்றிச் சொல்ல ஒரு வரி போதும். மாத்திரை எந்த மதகை அடைக்கப் பார்க்கிறதோ, அதற்குக் கீழே வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற வேலை அது. ஈஸ்ட்டிலும் ஈயிலும் ஆயுசு கூட்டியது உண்மைதான். பெரியப்பா தாராளமாகத் தானே சாப்பிட்டு இளமையாகட்டும். பையனுக்கு வேண்டாம்.

சின்னசித்தி:

ஐயா, அக்காவுக்குப் போன்ல வாசிச்சுக் காட்டினேன். கருவாட்டுக் கூடையில சிரிச்சா, ரொம்ப நாள் கழிச்சு. ஒண்ணு மட்டும் புரியல. கொல்லாத மருந்தைக் கேன்சருக்குக் குடுத்து என்ன பிரயோஜனம்? அப்புறம் ஆரஞ்சு விஷயம் சொல்லவே இல்லையே.

பழைய_லேப்காரன்:

நல்ல கேள்வி. என் பாஸுக்கே இது உறைக்கப் பல வருஷம் ஆனது.

கட்டி முழுசாக இருக்கும்போது இதைக் கொடுத்தது தப்பான நேரம். உங்கள் பையன் மாதிரி எல்லா வைத்தியமும் முடிந்து ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோது, எங்கோ ஒரு மூலையில் நாலு செல் தூங்கிக்கொண்டு இருக்கலாம். அவை எழுந்து பெருகுவதைத் தடுக்க நிறுத்தி வைக்கிற மருந்தே போதும். பெருங்குடலிலும் இதே தர்க்கம்தான். பாலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை, எடுத்துவிட்ட 375 பேரில் ஒரு பாதிக்கு டி.எஃப்.எம்.ஓ.வோடு சுலின்டாக் என்ற வலிமாத்திரையும் சேர்த்து மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்து 2008ல் வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு மறுபடி பாலிப், மருந்து சாப்பிட்டவர்களில் 12. பரம்பரையாக நூற்றுக்கணக்கில் பாலிப் வருகிற குடும்பங்களில் அதே ஜோடியைச் சோதித்தபோது அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரஞ்சு: கொடுங்கள். ஆரஞ்சில் புட்ரெசின் இருப்பது நிஜம், சோயாவில் ஸ்பெர்மிடின் இருப்பதும் நிஜம். ஆனால் குடல் பாக்டீரியா நாள் பூராவும் செய்துகொண்டிருக்கும்போது ரெண்டு சுளையை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? பிரான்சில் ரேன் நகரத்து ஆட்கள் புராஸ்டேட் நோயாளிகளுக்குப் பாலிஅமீன் குறைந்த சாப்பாடு கொடுத்தபோது, கூடவே குடலைச் சுத்தப்படுத்த ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். அது முதிர்ந்த பெரியவர்களுக்கு. 2025ல் நேச்சர் இதழில் ஒன்று வந்தது: நியூரோபிளாஸ்டோமா வரும்படி வளர்த்த சுண்டெலிகளுக்கு டி.எஃப்.எம்.ஓ.வோடு, ஆர்ஜினினும் புரோலினும் இல்லாத தீவனம். அந்த இரண்டு அமினோ அமிலத்திலிருந்துதான் உடம்பு ஆர்னித்தின் செய்யும். கட்டிச் செல்கள் நரம்புச் செல் மாதிரி முதிர்ந்து அடங்கின, எலிகள் கூடுதல் நாள் இருந்தன. படித்துவிட்டு எழுந்து ரெண்டு நடை நடந்தேன், அவ்வளவு அழகான வேலை. ஆனால் அந்தத் தீவனம் ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் தனித்தனியாக நிறுத்துக் கலந்த தூள். பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் இருக்கிற இரண்டை மட்டும் பொறுக்கி எடுக்க எந்த அடுப்படியாலும் முடியாது. ஸ்டெம் செல் ஏற்றி மீண்ட பிள்ளைக்கு ஒவ்வொரு நூறு கிராம் எடையும் சொத்து.

கொல்லைப்புறக் கதவையே பூட்டுகிற மருந்தும் வருகிறது. ஏ.எம்.எக்ஸ்.டி. 1501 என்று பேர், டி.எஃப்.எம்.ஓ.வோடு சேர்த்துக் கொடுப்பது. சிட்னிக்காரர்கள் குழந்தைகளின் மூளைத்தண்டுக் கட்டிக்கு எலியில் காட்டியது 2021ல் வந்தது. அது இன்னும் சோதனை நிலைதான், கடையில் தேட வேண்டாம்.

எலியையும் குடுவையையும் நம்பி ஏமாந்த கதை ஒன்று என்னிடமே உண்டு. ஸ்பெர்மினை நேரடியாகச் செல்களில் ஊற்றினேன், கொத்துக்கொத்தாகச் செத்தன. கேன்சர் மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று லேபுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, செல் வளர்க்க ஊற்றுகிற கன்றுக்குட்டி சீரத்தில் ஒரு நொதி இருக்கிறது, அது ஸ்பெர்மினை உடைத்து விஷமாக்குகிறது. கொன்றது என் ஸ்பெர்மின் இல்லை, கன்றுக்குட்டி! அதற்கு அமினோகுவானிடின் சேர்க்க வேண்டும் என்பது எனக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஜிலேபிக் காசு போனது.

எண்ணிப்பார்:

பெரியவர் நன்றாகச் சொல்கிறார், ஆனால் அனுமதி எப்படிக் கிடைத்தது என்பதை விட்டுவிட்டார். நான் மருத்துவப் புள்ளியியல் வேலை பார்க்கிறவன்.

நியூரோபிளாஸ்டோமாவுக்கு இந்த மாத்திரையை எஃப்.டி.ஏ. அனுமதித்தது 2023 டிசம்பர் 13. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று செய்த சோதனை இல்லை இது. எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிட்டு, முன்பு நடந்த வேறொரு பெரிய சோதனையின் குழந்தைகளிலிருந்து ஒத்த குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து ஒப்பிட்டார்கள். மருந்து சாப்பிட்ட 90 பேர், ஒப்பிட 270 பேர். நாலு வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 84 சதவீதம், ஒப்பீட்டில் 73. உயிரோடு இருந்தவர்கள் 96, ஒப்பீட்டில் 84. பார்க்க அருமை. ஆனால் மருந்துச் சோதனைக்குள் வர வேண்டுமென்றால் அதுவரை நோய் திரும்பாமல் வந்து சேர்ந்திருக்க வேண்டும், குடும்பத்துக்கு அலைய வசதி இருந்திருக்க வேண்டும். அப்படி வந்த குழந்தைகள் ஆரம்பத்திலேயே கொஞ்சம் மேலானவர்களாக இருக்கலாம். எத்தனை காரணியைப் பொருத்தினாலும் தாளில் எழுதாத காரணியைப் பொருத்த முடியாது. ஆலோசனைக் குழுவில் 14 பேர் சரி என்றார்கள், 6 பேர் இல்லை என்றார்கள். நான் இருந்திருந்தால் ஏழாவது ஆள்.

சித்திக்கு இதைவிட முக்கியமானது: அந்த 90 பேரும் ஒப்பிட்ட 270 பேரும் கட்டிச் செல்லின் மேலிருக்கும் ஜி.டி.2 என்ற பொருளைக் குறிவைக்கிற இம்யூனோதெரபி எடுத்தவர்கள். அனுமதிச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, அது உட்பட முந்தைய வைத்தியத்துக்குக் குறைந்தது ஓரளவாவது கட்டுப்பட்டவர்களுக்கு என்று. உங்கள் பையன் அது எடுக்கவில்லை. அவனுக்கு அந்த 84ம் பொருந்தாது, 73ம் பொருந்தாது.

பழைய_லேப்காரன்:

ஒப்புக்கொள்கிறேன். கடைசிப் பத்தியை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கதை சொல்லும் ஆசையில் விட்டுவிட்டேன். ஆனால் ஏழாவது ஆள் என்பதில் மட்டும் தகராறு. அமெரிக்காவிலேயே வருஷத்துக்குச் சில நூறு குழந்தைகளுக்கு வருகிற நோயில் நீங்கள் கேட்கிற குலுக்கல் சோதனையை முடிக்க எத்தனை வருஷம் ஆகும்? எந்த அம்மா வெறும் மாத்திரைப் பக்கம் விழச் சம்மதிப்பாள்?

எண்ணிப்பார்:

சம்மதிக்க மாட்டாள், அது தெரியும். அதனால் எண் சரியாகிவிடாது, அவ்வளவுதான் என் கட்சி.

நியூஜெர்சி_அப்பா:

சண்டைக்கு நடுவுல வர்றேன். என் பொண்ணு இந்த மாத்திரை ரெண்டு வருஷம் சாப்பிட்டவ. இப்ப ரெண்டாங்கிளாஸ். அவ இம்யூனோதெரபியும் எடுத்தவ, அதனால உங்க பையனுக்கும் அவளுக்கும் கணக்கு ஒண்ணு இல்லை. தினசரி எப்படி இருக்கும்னு மட்டும் சொல்றேன்.

கீமோவை நினைச்சா இது ஒண்ணுமே இல்லை. முடி கொட்டல, வாந்தி முதல் வாரம்தான். காலையும் ராத்திரியும் மாத்திரையை ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல நசுக்கி, ரெண்டு கரண்டி தயிர்சாதத்துல கலந்து முதல் வாயாக் குடுத்துருவோம். அப்புறம்தான் மீதிச் சாப்பாடு. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ரெண்டு வருஷம், கணக்குப் போட்டுக்கோங்க. ஊருக்குப் போனா, கல்யாணத்துக்குப் போனா, எங்கேயும் அந்த டப்பா. ஈரல் டெஸ்ட், ரத்த அணு டெஸ்ட் அடிக்கடி. சளி, காது வலி வந்துகிட்டே இருந்தது.

காதுதான் பெரிய விஷயம். சிஸ்பிளாட்டின் கீமோ எடுத்த குழந்தைங்களுக்கு ஏற்கெனவே மெல்லிசான உயர்ந்த சத்தம் போயிருக்கும். எங்க பொண்ணுக்கு ‘ஸ்’ கேக்காது. ‘ஸ்கூல்’னா ‘கூல்’ம்பா, நாங்க மழலைன்னு ரசிச்சோம். இந்த மாத்திரை அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் எடுத்துச்சு. எட்டாவது மாச டெஸ்ட்ல கோடு இறங்கினதும் மாத்திரையை நிறுத்தினாங்க, சில வாரம் கழிச்சு டோஸ் குறைச்சு ஆரம்பிச்சாங்க. அந்த இறக்கம் பெரும்பாலும் திரும்பிருச்சு, சிஸ்பிளாட்டின் எடுத்தது திரும்பல. ஹியரிங் எய்டு போட்டிருக்கா, ஊதா கலர், அவளே தேர்ந்தெடுத்தது. சித்தி, மாத்திரை குடுக்கிறீங்களோ இல்லையோ, பையனுக்கு ஆடியோகிராம், அதான் காது கேக்குற டெஸ்ட், எடுத்தீங்களா? பின்னாடி நின்னு மெதுவா ‘ஸ்ஸ்’னு சொல்லிப் பாருங்க.

செலவு பத்திக் கேப்பீங்க. இங்கே இன்சூரன்ஸ் கட்டிச்சு. அது இல்லாம எங்களால நினைச்சுக்கூடப் பார்த்திருக்க முடியாது. அதுக்கு மேல சொன்னா உங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிற மாதிரி ஆயிடும்.

சின்னசித்தி:

பத்து நாளா எழுத முடியல, மன்னிச்சுக்கோங்க. எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு, நடந்ததையும் சொல்லிடறேன்.

நியூஜெர்சி அண்ணா சொன்ன அன்னிக்கே அவன் கார்ட்டூன் பார்க்கும்போது பின்னாடி நின்னு ‘ஸ்ஸ்’னேன். திரும்பல. ‘டேய்’னேன், திரும்பினான். அக்கா அடுப்படிக்குப் போயிட்டா. கொஞ்ச நாளா டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போனான், சேட்டைன்னு நெனச்சுத் திட்டிக்கிட்டு இருந்திருக்கோம்.

டாக்டர்கிட்ட எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போனோம். திட்டுவார்னு பயந்தோம், திட்டல. எண்ணிப்பார் சொன்னதையேதான் அவரும் சொன்னார், இம்யூனோதெரபி எடுக்காத பிள்ளைக்கு இந்த மாத்திரை எவ்வளவு காப்பாத்தும்னு சொல்ல என் கையில எண் இல்லைன்னு. ஆனா கதவைச் சாத்தவும் இல்லை. இங்கே விக்காத மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க ஒரு பாரம் இருக்காம், அவர் சீட்டு எழுதணும், அரசாங்க அனுமதி வாங்கணும். விலையைக் கேட்டுட்டு வந்து பேசுங்க, அதுக்கு முன்னாடி காதைப் பார்க்காம அந்தப் பேச்சே கிடையாதுன்னுட்டார். காது ஏற்கெனவே ரொம்பப் போயிருந்தா அவரே வேண்டாம்னு சொல்லக்கூடும்னும் சொன்னார். மாமா விலைக்கு மெயில் போட்டிருக்கார். பதில் வரல.

கேப்சூலைப் பெரியப்பாகிட்டயே திருப்பிக் குடுத்தாச்சு. கோவிச்சுக்கிட்டார், ஆனா பிரிச்சுத் தானே சாப்பிட ஆரம்பிச்சுட்டாராம். ஆரஞ்சு குடுத்தோம். ரெண்டு சுளை இல்லை, ரெண்டு பழம்.

ஆடியோகிராம் வர்ற செவ்வாய்க்கிழமை.

பழைய_லேப்காரன்:

செவ்வாய்க்கிழமை போகும்போது பிள்ளைக்குச் சளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சளி இருந்தால் கோடு தப்பாக வரும். இருந்தால் சொல்லிவிட்டு வேறு நாள் கேளுங்கள். ‘நார்மல்’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது, கோடு போட்ட தாளையே கையோடு வாங்கி வையுங்கள். மாத்திரை வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த தாளை இதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.